சில்லருக்கு ஏற்ற பம்பு

தொட்டித் தண்ணீர் இருபத்தொன்பது டிகிரிக்கு வந்திருந்தது. அகீல் வெப்பமானியைக் கழற்றித் துடைத்து மறுபடி ஒட்டிப் பார்த்தான். மாற்றமில்லை. அக்குறணையில் அந்தச் சித்திரை வெயில் கூரைத் தகரத்தைச் சுட்டு, சீலிங்கைச் சுட்டு, கடைசியில் தண்ணீருக்குள்ளும் இறங்கிவிட்டது.

உள்ளே கிடந்தது மீன் அல்ல, ஆக்ஸலோட்டல். மெக்சிக்கோவின் குளிர்ந்த ஏரிகளுக்குச் சொந்தமான பிராணி. ஒரு சாண் நீளம், வெளிறிய ரோஸ் நிறம், நாலு குட்டைக் கால், தலையின் இரு பக்கமும் சிறகு முளைத்ததுபோல் செவுள். பதினெட்டு டிகிரிக்குள் இருந்தால் அதற்குச் சுகம். சூடு ஏறினால் சாப்பாட்டை விடும், பிறகு மேலில் பஞ்சுபோல் பூஞ்சணம் பிடிக்கும், பிறகு செத்துவிடும். இது சாப்பாட்டை விட்டாயிற்று. இன்று இடது செவுளில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

அகீல் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வளர்த்தது. புது மாப்பிள்ளையாக இந்த வீட்டுக்கு வந்தபோது உடுப்புப் பெட்டியோடு இதையும் கொண்டுவந்தான். மனைவி ஷிபானா பார்த்த அன்றே அதற்கு “இளையவ” என்று பேர் வைத்துவிட்டாள். “மூத்தவள முடிக்க முந்தியே இளையவள வச்சிக்கொண்டு வந்திக்கிறீங்க. ஆளும் சோக்குத்தான். வாய் மட்டும்தான் பெரிசு,” என்று சிநேகிதிகளுக்கெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

ஷிபானா டெங்குவில் போனாள். காய்ச்சல் என்று படுத்தவள் அந்தக் கிழமை முடியுமுன் மௌத்து. அதற்குப் பிறகு அகீலுக்கு எதுவும் வலிக்கவும் இல்லை, இனிக்கவும் இல்லை. கட்டுகஸ்தோட்டைக்குப் போய் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பித்தான். திரும்பி வந்து தொட்டியின் முன்னால் உட்கார்ந்தான்.

அந்த மேல்மாடி ஷிபானாவுக்கு அவள் வாப்பா சீதனமாகக் கட்டிக் கொடுத்தது. கீழே அவள் வாப்பா நளீர் ஹாஜியாரும் உம்மா ரபீகாவும் இருந்தார்கள். மகளே இல்லாத வீட்டில் மருமகனுக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. போ என்று சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. மாமி சாப்பாட்டை மூடி மாடிப்படியில் வைப்பார். அகீல் தின்றதைத் தின்று, தட்டைக் கழுவி, அதே படியில் வைப்பான்.

கம்பளையில் கூடப்பிறந்த நானாவின் வீட்டில் அவனுக்கு ஓர் அறை காலியாக இருந்தது. நாலடித் தொட்டி அதற்குள் போகாது. ஆகவே அகீல் தனக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தான். இது உயிரோடிருக்கும்வரை இங்கே இருப்பது. செத்தால் போய்விடுவது. யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. எது நடந்தாலும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டான். ஆனாலும் ஐஸ் போத்தல்களை மாற்றி மாற்றித் தொட்டியில் மிதக்கவிட்டுக்கொண்டே இருந்தான். அவன் வகுப்பு முடிந்து வருவதற்குள் அவை உருகி, தண்ணீர் பழைய சூட்டுக்கு வந்துவிடும்.

அன்று மத்தியானத் தட்டு மூடியபடியே படியில் கிடந்ததால் நளீர் மேலே ஏறி வந்தார். மகள் போன பிறகு அவர் ஏறியது அதுதான் முதல் தடவை. வாசலில் நின்று மூச்சு வாங்கினார்.

“ஏன் மகன் இது இப்பிடிக் கெடக்குது?”

“சூடு மாமா.”

“சூட்டுக்குச் சாகுமா?”

“சாகும்.”

நளீர் தொட்டியைப் பார்த்தார். பிறகு அறையைப் பார்த்தார். அலுமாரிக்கு மேலே எப்போதும் இருக்கும் பெரிய பயணப் பெட்டி கீழே இறங்கித் திறந்து கிடந்தது. அதை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இதுக்கு மருந்து என்ன?”

“சில்லர் ஒண்டு போடோணும். தண்ணியக் குளிராக்கிற மெசின். கண்டியில ஷப்ராஸ்ட மீன் கடையில பழசொண்டு ஈக்குது.”

“அப்ப ஏன் குந்திக்கொண்டு ஈக்கிறீங்க? சட்டையப் போடுங்க.”

ஷப்ராஸ் அகீலோடு படித்தவன். சில்லரைத் தூசி தட்டி மேசையில் தூக்கி வைத்தான். சின்ன ப்ரிஜ் அளவுப் பெட்டி. முதுகில் தண்ணீர் போக ஒரு குழாய் மூக்கு, வர ஒரு மூக்கு.

“மச்சான், இது வெறும் பெட்டிதான். தண்ணியத் தானா இழுக்காது. பம்பு வேற எடுக்கோணும். அதுதான் முக்கியம். பெரிசும் சரிவராது, சின்னதும்…”

“பம்பா?” நளீர் சிரித்தேவிட்டார். “தம்பி, அக்குறணை முழுக்கத் தண்ணி குடிக்கிறது என்ட பம்பில. நீங்க மீன வித்துக்கொள்ளுங்க. பம்ப நான் பாக்கிற.”

“இல்ல ஹாஜி, இதுக்கு…”

“பெட்டியக் காருக்குத் தூக்குங்க மகன்.”

அகீல் தூக்கினான். பெட்டியின் முதுகில் ஒட்டியிருந்த தகட்டை அவன் வாசித்திருந்தான். மணிக்கு ஆயிரம் லீற்றரிலிருந்து ஆயிரத்தைந்நூறு லீற்றர் வரை ஓட வேண்டும். குறைந்தால் உள்ளே தண்ணீர் உறையும், கூடினால் குளிரப் பிடிக்காமல் ஓடிவிடும். சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கக் களைப்பாக இருந்தது.

அக்குறணையில் தண்ணீர் எப்போதும் கீழே இருக்கும், வீடு எப்போதும் மேலே இருக்கும். கிணறு ஓயா ஆற்றங்கரையில், குசினி மலையில். அதனால் நளீரின் ஹார்ட்வெயார் கடைக்குப் பம்பு கேட்டு யார் வந்தாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி. எத்தனை அடி ஏத்தோணும்? இருபதடி என்றால் கீழ்த் தட்டிலிருந்து ஒன்றை எடுப்பார். அறுபது என்றால் உள்ளறைக்குப் போவார். நூறைத் தாண்டினால் வந்தவருக்குக் கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுப்பார். முப்பது வருஷத்தில் அந்தக் கேள்வி அவரை ஏமாற்றியதில்லை.

சில்லரை மேலே வைக்க முடியாது. தண்ணீரிலிருந்து எடுக்கும் சூட்டை அது அறைக்குள்ளேயே ஊதும். ஆகவே கீழே, பின்பக்கம் மாமி உடுப்புக் கழுவும் இடத்தில் வைப்பதென்று முடிவானது. ஹோஸ் ஜன்னலால் வெளியே இறங்கி, சில்லருக்குள் போய், மறுபடி ஜன்னலுக்கு ஏற வேண்டும்.

நளீர் அளந்தார். “பன்னிரண்டடி. வளைவு நெளிவுக்கு இன்னொரு பன்னிரண்டடி வைப்போம். அரைக் குதிரை போட்டாத்தான் ஏறும்.”

அரைக் குதிரைவலுப் பம்பு வந்தது. வீட்டுக் கூரைத் தொட்டி நிரப்புகிற சாதி. அதை மேலே மீன் தொட்டிக்குப் பக்கத்தில் பலகையில் பூட்டினார். ஹோஸ் அரை அங்குலம். “ஒடுக்கமாயிருந்தாத்தான் ப்ரஷர் நிக்கும்,” என்றார். சில்லரின் மூக்குக்கு அது சின்னது. சுடுதண்ணீரில் நனைத்து இளக்கி, இழுத்து மாட்டி, க்ளிப் போட்டு முறுக்கினார். வேர்வை ஒழுக, முட்டுக்கால் மடக்கி உட்கார்ந்து அவர் வேலை செய்வதை அகீல் பார்த்துக்கொண்டு நின்றான். கேட்ட சாமானை எடுத்துக் கொடுத்தான்.

“பிஸ்மில்லாஹ்,” என்று நளீர் ஸ்விட்சைப் போட்டார்.

பம்பு உறுமியது. ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு திரும்பி வரும் ஹோஸின் வாயிலிருந்து தண்ணீர் கம்பிபோல் பாய்ந்து தொட்டியின் அடிமண்ணைக் கிளப்பியது. ஆக்ஸலோட்டல் உருண்டது. நாலு காலையும் விரித்துக்கொண்டு ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போய்க் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது.

“மாமா, நிப்பாட்டுங்க!”

“கொஞ்சம் பொறுங்க, செட்டாகும்…”

கீழேயிருந்து மாமி அலறினார். “யா அல்லாஹ்! என்ட கழுவின உடுப்பு! கீழ வாங்களே, குழாய் கழண்டுட்டு!”

அகீல் ப்ளக்கை இழுத்துப் பிடுங்கினான். நளீர் படியில் விழாத குறையாக இறங்கி ஓடினார். ஜன்னலால் எட்டிப் பார்த்தால், சில்லரின் மூக்கிலிருந்து கழன்ற ஹோஸ் பாம்புபோல் கிடந்து தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தது. பம்பு நின்றுவிட்டது, தண்ணீர் நிற்கவில்லை. தொட்டி கண் முன்னால் இறங்கிக்கொண்டிருந்தது. நளீர் ஹோஸைப் பிடித்துப் பெருவிரலால் அடைத்தார். அது அவர் முகத்துக்கே பீய்ச்சியது.

“பம்ப நிப்பாட்டுங்க மகன்!”

“நிப்பாட்டிட்டன்! ஹோஸ மேல தூக்குங்க!”

“என்ன?”

“மேல! மேல தூக்கிக்கொண்டு வாங்க மாமா!”

அப்படி ஒரு சத்தம் தன் தொண்டைக்குள் இருந்தது அகீலுக்கே தெரியாது. நளீர் சாரத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஹோஸின் வாயைப் பிடித்தபடி வெளிப்படியால் ஏறினார். ஏற ஏறத் தண்ணீரின் வேகம் குறைந்தது. கடைசிப் படியில் வெறுமனே சொட்டியது. அவர் ஜன்னலடிக்கு வந்தபோது நின்றேவிட்டது.

அகீல் முதலில் தொட்டியைப் பார்த்தான். நாலு விரல் தண்ணீரில் ஆக்ஸலோட்டல் மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. செவுள் அசைந்தது. அதைச் சின்ன வலையில் அள்ளி, வாளித் தண்ணீரில் விட்டு, பக்கத்தில் ஐஸ் போத்தல் ஒன்றை வைத்தான்.  

“உசிர் ஈக்குதா?” ஜன்னலுக்கு வெளியே இருந்து நளீர் கேட்டார். தாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஹோஸை இன்னும் விடவில்லை.

“ஈக்குது.”

“அல்ஹம்துலில்லாஹ்.”

அப்போதுதான் அகீல் அந்த ஹோஸைப் பார்த்தான். தெளிவான ப்ளாஸ்டிக். தொட்டியிலிருந்து வெளியே போய், கீழே உடுப்புக் கழுவும் இடம் வரை தொங்கி, வளைந்து, மறுபடி மேலேறி நளீரின் கையில் முடிந்தது. அதற்குள் தண்ணீர் நின்றது. தொட்டியில் எந்த உயரமோ அவர் கையிலும் அதே உயரம்.

“மாமா, கையக் கொஞ்சம் பதிச்சுப் பிடிங்க.”

கையைத் தாழ்த்தினார். தண்ணீர் வழிந்தது.

“இப்ப உயத்துங்க.”

நின்றது.

“பம்பு ஓடுதா?”

“நீங்கதானே ப்ளக்கப் புடுங்கின.”

“அப்ப இந்தத் தண்ணியக் கீழயிருந்து பன்னிரண்டடி ஏத்தினது யாரு?”

நளீர் ஹோஸைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், மறுபடி ஹோஸைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்று மெதுவாக விடிந்தது.

“இது… வீடு கட்டுற பாஸ்மார் அத்திவாரத்துக்குத் தண்ணி மட்டம் புடிக்கிற மாதிரியில்ல?”

“அதேதான்.”

“அந்த ட்யூப நான்தானே அடிக்கணக்கில வெட்டி விக்கிற!”

“இதைத்தானே நான் வருஷா வருஷம் வகுப்பில படிப்பிக்கிற!”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிணற்றிலிருந்து மலைக்குத் தண்ணீர் ஏற்றியே பழகிய ஊர். கிணற்றுத் தண்ணீர் மேலே போனால் திரும்பி வராது, அதனால் ஏற்றித்தான் ஆக வேண்டும். தொட்டித் தண்ணீர் அப்படியல்ல. போன இடத்திலிருந்து புறப்பட்ட இடத்துக்கே வருகிறது. இறங்குகிற பாரமே ஏறுகிற பாரத்தைத் தூக்கிவிடும். பம்பு செய்ய வேண்டியது ஹோஸின் உராய்வைத் தள்ளுவது மட்டும்தான்.

“சரி,” என்றார் நளீர். “அப்ப அரைக் குதிரை கூடிப்போச்சு. கால் குதிரை போடுவோம்.”

“குதிரையே வேணாம் மாமா.”

“ஒரு பாதுகாப்புக்கு…”

“என்ன பாதுகாப்பு? இப்ப பாத்ததுதானே பாதுகாப்பு! பம்பு பெருத்தா அந்தச் சூடும் தண்ணிக்குத்தான் வரும். ஹோஸத்தான் பெருசாக்கோணும், பம்ப இல்ல. முக்கால் அங்குலம் போட்டா உராய்வு இறங்கும். மூக்குக்கும் சரியாப் பொருந்தும். உங்கட அரை அங்குலத்தாலதான் கழண்டது!”

“என்ட அரை அங்குலமா? முப்பது வருஷமா நான்…”

“முப்பது வருஷமா நீங்க கிணத்துக்கு வித்தீங்க! இது கிணறா?”

ரபீகா மாமி விளக்குமாறும் கையுமாகப் படியேறி வந்து நின்றார். நனைந்த துப்பட்டியைத் தோளில் போட்டிருந்தார். “இதென்ன ரெண்டு பேரும்? ஊருக்கே கேக்குது. ஏன் மருமகனோட சண்டை புடிக்கிறீங்க?”

“நான் எங்க புடிக்கிற? அவருதான் புடிக்கிறாரு,” என்றார் நளீர். சொல்லும்போதே அவர் குரல் தழைந்துபோனது. “புடிக்கட்டும் ரபீகா. விடுங்க. நல்லாப் புடிக்கட்டும்.”

மாமி அகீலைப் பார்த்தார். அவன் முகம் சிவந்திருந்தது, மூச்சு வாங்கியது. மாமி விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, வாளிக்குள் குனிந்து பார்த்தார். “இதுக்கு இன்னும் ஐஸ் ஓணுமென்டா கீழ டீப் ப்ரீஸர்ல ஈக்குது,” என்றார். “கேட்டாத்தானே தெரியும்.”

ஷப்ராஸ் கடையைப் பூட்டப் போகும்போது இருவரும் ஈரச் சட்டையோடு போய் இறங்கினார்கள். அவன் தண்ணீருக்குள்ளேயே வைக்கும் சின்னப் பம்புகள் மூன்றை மேசையில் எடுத்து வைத்தான்.

“அப்பவே செல்லப் பாத்தன் ஹாஜி.”

“இன்னும் கொஞ்சம் சத்தமாச் செல்லியிருக்கோணும் தம்பி.”

முதல் பெட்டியில் மணிக்கு ஆயிரத்து இருநூறு லீற்றர் என்று போட்டிருந்தது. இரண்டாவதில் இரண்டாயிரம். மூன்றாவதில் மூவாயிரத்தைந்நூறு.

“சில்லர்ல ஆயிரத்தைந்நூறுக்கு உள்ளதானே போட்டிருக்கு,” நளீர் முதல் பெட்டியைத் தொட்டார். தன் வாழ்நாளில் சின்னப் பம்பை அவர் கையால் தொட்டுச் சிபாரிசு செய்தது அப்போதுதான். “அப்ப இது சரி.”

“சரியில்ல மாமா.” அகீல் கடைச் சிட்டையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டான். “பெட்டியில போட்டிருக்கிறது ஹோஸ் இல்லாம வெறும் வாயால கொட்டுற அளவு. முப்பதடி ஹோஸ், வளைவு, சில்லருக்குள்ள இருக்கிற சுருள், எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னும். ஆயிரத்து இருநூறு போட்டா அறுநூறு எழுநூறுதான் மிஞ்சும். உள்ளுக்கு உறைஞ்சிடும். இரண்டாயிரம் போட்டா ஆயிரத்து இருநூறு, முந்நூறு நிக்கும்.”

நளீரின் கண் மெதுவாக மூன்றாவது பெட்டிக்குப் போனது.

“மாமா.”

“சும்மா பாத்த மகன். பாக்கவும் ஏலாதா?”

ஷப்ராஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான்.

தொட்டிக்கு மறுபடி தண்ணீர் நிரப்பினார்கள். இந்தத் தடவை அகீல் பூட்டினான், நளீர் சாமான் எடுத்துக் கொடுத்தார். முக்கால் அங்குல ஹோஸ் சில்லரின் மூக்கில் அளவெடுத்துத் தைத்ததுபோல் ஏறியது. பம்பை அடியில் வைக்காமல், தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் கீழே தொங்கவிட்டான். நாளைக்கு எங்காவது ஹோஸ் கழன்றாலும் அந்த ஒரு சாண்தான் போகும். திரும்பி வரும் வாயைக் கண்ணாடிப் பக்கமாகத் திருப்பினான், தண்ணீர் மோதி மெதுவாகப் பரவுவதற்கு. ஹோஸை வாயால் உறிஞ்சித் தண்ணீர் நிரப்பினான். பிறகு ஸ்விட்சைப் போட்டான்.

சத்தமே இல்லை. நளீர் காதைத் தொட்டியில் வைத்துப் பார்த்தார். “ஓடுதா?”

அகீல் அவர் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் விட்டான். உள்ளங்கையில் குளிர்ந்த தண்ணீர் வந்து மெதுவாக முட்டியது.

“ஓடுது,” என்றார் நளீர். தாழ்ந்த குரலில், பள்ளிவாசலில் பேசுவதுபோல. “சோக்கா ஓடுது.”

மறுநாள் காலையில் இருபத்து மூன்று டிகிரி. அகீல் ஆக்ஸலோட்டலுக்கு உப்புக் குளியல் கொடுத்து, வாளியிலிருந்து தொட்டிக்கு மாற்றினான். பிறகு வகுப்பிலிருந்து தொலைபேசியில் கேட்டான். “இருபது,” என்றார் நளீர். கடையைத் திறந்துவிட்டு அங்கிருந்து திரும்பி வந்து பார்த்திருக்கிறார். அஸர் தொழுகைக்குப் பிறகு அகீல் வீட்டுக்கு வந்தபோது பதினெட்டு. செவுளிலிருந்த பஞ்சு உப்புக் குளியலில் உதிர்ந்து, அடியில் சிவப்பு தெரிந்தது.

நளீர் கொய்யா மரத்தடியைக் கிண்டி ஒரு தேங்காய்ச் சிரட்டையில் மண்புழு கொண்டுவந்தார். அகீல் ஒன்றைக் கழுவி, இடுக்கியால் பிடித்து அதன் வாய்க்கு நேரே ஆட்டினான். ஆக்ஸலோட்டல் பார்த்தபடி கிடந்தது. நளீர் மூச்சை அடக்கிக்கொண்டார். ஆட்டினான். அது தலையை ஒரு பக்கம் சாய்த்தது. பிறகு லபக்கென்று ஒரே வாயில் புழு காணாமல் போனது.

நளீர் தொடையில் அடித்துக்கொண்டார். “மாஷா அல்லாஹ்! ரபீகா! திண்டுட்டு! திண்டுட்டு!” கீழே மாமி எதையோ போட்டுவிட்டு ஓடிவரும் சத்தம் கேட்டது.

அகீல் இடுக்கியைக் கீழே வைத்தான்.  கண் நிறைந்தது. துடைக்கத் தோன்றவில்லை. நளீர் பார்த்தும் பார்க்காததுபோல ஜன்னல் பக்கம் திரும்பி, ஹோஸைப் பிடித்து ஆராய்ந்தார்.

“மகன், இது இப்பிடி ஜன்னலால போனா சரிவராது. மழை வந்தா சாத்தேலாது. நாளைக்கு பாஸ வரச்செல்லி, சுவர்ல ரெண்டு ஓட்டை போடுவோம்.”

“நல்ல சுவர் மாமா. பிறகு எப்பவாச்சும் தொட்டிய எடுக்கிறதென்டா ஓட்டை வீணாப்போகும்.”

“எடுக்கப் போறீங்களா?”

நளீர் அதைச் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். படியில் மாமியின் காலடி வந்து, வாசலில் நின்றது.

அகீல் தொட்டியைப் பார்த்தான். தண்ணீர் வந்துகொண்டிருந்தது, போய்க்கொண்டிருந்தது.

“இல்ல மாமா.”

“அப்ப எந்த இடத்தில போடோணுமென்டு காட்டுங்க.”

அகீல் மேசையிலிருந்து பென்சிலை எடுத்து, தொட்டிக்குப் பின்னால் கையை விட்டு, சுவரில் இரண்டு வட்டம் கீறினான்.

“இன்னும் கொஞ்சம் மேல,” என்றார் நளீர்.

“இது போதும் மாமா.”

“போதாது. மட்டம் பாருங்க.”

“நான் மட்டம் பாத்துத்தான் கீறின.”

“எங்க, தள்ளுங்க, நான் பாக்கிற…”